முப்பதா, ஒன்றா?

மேசைக் கணினியில் திகதி கேட்கும் எந்த மென்பொருளைத் திறந்தாலும் ஏறத்தாழ ஒரே பெட்டிதான் விரியும். மேலே மாதத்தின் பெயர், இரு புறமும் அம்புக்குறி, கீழே ஏழு நிரல், ஆறு நிரை, மொத்தம் 42 கட்டங்கள். ஆறு நிரை எதற்கு என்றால், ஞாயிறு முதல் நிரலாக இருக்கும்போது 31 நாள் மாதமொன்று சனிக்கிழமை பிறந்தால் முன்னால் ஆறு கட்டம் வெறுமையாகிவிடும். அப்போது 37 கட்டம் வேண்டும், ஐந்து நிரைக்குள் இருப்பதோ 35. மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 1996 இல் விண்டோஸின் பொதுக் கொன்ட்ரோல்களோடு இந்த மாத நாட்காட்டியையும் சேர்த்த பிறகு, மேசைக் கணினிக்கு எழுதும் புரோகிராமர் அதைத் தானே வரைய வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. கூப்பிட்டால் வரும், எண்களை நிரப்பிக்கொள்ளும். இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில் கோமாரியில் தொடங்கித் திருக்கோவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், சாய்ந்தமருது என்று கல்முனைக்கு ஏறும் கரையோர வீதியில், கணினியில் கணக்கு வைக்கும் இடத்திலெல்லாம் இந்தப் பெட்டி இருக்கிறது. நாள் என்பது கணக்கிட்டு முடித்துவிட்ட பொருள் என்று அது எடுத்துக்கொள்கிறது. என் வாதம் இதற்கு எதிரானது. ஒரு நாளுக்கு இரண்டு பாதி உண்டு. எத்தனையாவது நாள் என்பது எண்ணிக்கை. அதற்கு என்ன பெயர் என்பது ஒரு சமூகம் தன் அதிகாரத்தால் சொல்வது. முதல் பாதியை மட்டும் அறிந்த நாட்காட்டிக் கூறு இந்தக் கரையோரத்தில் ஆண்டுதோறும் பிழைவிடும். அந்தப் பிழையைக் கணிதத்தைத் திருத்திப் போக்க முடியாது. அறிவிப்புக்கு இடம் வைத்துத்தான் போக்க முடியும்.

கணினியின் உள்ளே திகதி என்று ஒன்று கிடையாது, ஓர் எண் மட்டுமே உண்டு. எக்செல் அட்டவணையில் 2004 டிசம்பர் 26 என்று எழுதினால் அது 38347 என்றே சேமிக்கப்படும். யூனிக்ஸ் வழிவந்த முறைகள் 1970 ஜனவரி 1 ஐப் பூச்சியமாக வைத்து எண்ணுவதால் அங்கே அதே நாள் 12778. வானியலாளரின் யூலியன் நாள் எண்ணிக்கையில் அது 2453366. தொடங்கும் புள்ளிதான் வேறு, அளவுகோல் ஒன்றே. அம்பாறைக் கரையோரம் ஆழிப்பேரலையில் தன் மக்களை இழந்த அந்த நாள் ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்தவர்களுக்கு நத்தாரின் மறுநாள், பௌத்தர்களுக்கு உந்துவப் போயா, தமிழர்களுக்கு மார்கழி, முஸ்லிம்களுக்குத் துல்கஃதா மாதத்தின் நடுப்பகுதி. ஆண்டு நினைவு நாளை டிசம்பர் 26 இல் வைப்பதா, மார்கழித் திதியில் வைப்பதா, பிறைக் கணக்கில் வைப்பதா என்பது அவரவர் வழக்கு. 38347 என்ற எண் யார் பக்கமும் சாய்வதில்லை. சாய்வெல்லாம் அதைப் பெயராக மாற்றும் இடத்தில்தான் நுழைகிறது.

ஆங்கில நாட்காட்டியும் தூய கணக்கு அல்ல. மைக்ரோசொஃப்டின் மென்பொருள் தளமான டொட் நெட்டின் திகதித் தேர்வுப் பெட்டி 1753 ஜனவரி 1 க்கு முந்திய நாள் எதையும் ஏற்காது. 1752 செப்டம்பரில் பிரித்தானியா கிரகோரியன் நாட்காட்டிக்கு மாறியபோது 2 ஆம் திகதிக்கு அடுத்த நாளை 14 என்று சட்டம் அறிவித்தது. இடையில் 11 எண்கள் இல்லாமற்போயின. அந்தச் சிக்கலைத் தொடவேண்டாம் என்று கருதி, முழுதாக மாறிய முதல் ஆண்டின் தொடக்கத்தில் எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள். 1752 இல் இலங்கைக் கரையோரம் பிரித்தானியர் கையில் இல்லை. அவர்கள் அதைக் கைப்பற்றியது 1795–96 இல். ஆயினும் இன்று கல்முனையில் 1753 க்கு முந்திய காணி உறுதியொன்றின் திகதியை அந்தப் பெட்டியில் பதிய முயன்றால், லண்டன் பாராளுமன்றத்தின் முடிவுதான் வாசலில் நின்று தடுக்கும். பெட்டியின் அடியில் ஏற்கெனவே ஓர் அறிவிப்பு கிடக்கிறது. எழுதியவர்களுக்கு அது பழகிப்போனதால் இயற்கை விதி போலத் தோன்றுகிறது.

ஏழு நிரல் என்பதும் அப்படித்தான். இந்த நாட்டிலேயே அது ஒருமுறை கைவிடப்பட்டது. டட்லி சேனாநாயக்கவின் அரசாங்கம் 1966 முதல் ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டுப் போயா நாட்களை வார விடுமுறையாக்கியது. அமாவாசை, வளர்பிறை அரைமதி, பௌர்ணமி, தேய்பிறை அரைமதி ஆகிய நான்கும் ஓய்வு நாட்கள். அவற்றுக்கு முந்திய நாட்கள் அரை விடுமுறை. நிலவின் மாதம் சராசரி 29.53 நாள். அதை நான்காக வகுத்தால் 7.38 வரும். ஆகவே ஒரு போயாவிலிருந்து அடுத்ததற்குச் சில தடவை ஏழு நாள், சில தடவை எட்டு. உலக வணிகம் ஏழில் சுழல, கொழும்புத் துறைமுகமும் வங்கிகளும் வேறு சுழற்சியில் இயங்க வேண்டியிருந்தது. 1971 இல் இந்த ஏற்பாடு கைவிடப்பட்டு ஞாயிறு திரும்பியது. பௌர்ணமி போயா மட்டும் இன்றுவரை பொது விடுமுறையாக நிலைத்திருக்கிறது. அந்த ஐந்தரை ஆண்டுகளின் அலுவலக நாட்காட்டியை இன்றைய 42 கட்டப் பெட்டியில் வரையப் பார்த்தால் எட்டு நாள் வாரத்துக்கு அங்கே இடம் இல்லை. மாலைதீவில் வாரம் வெள்ளியில் தொடங்குகிறது என்பதை மென்பொருள்கள் பயன்படுத்தும் உலக வழக்குத் தரவுத்தொகுப்பு அறியும். எந்த நாளில் தொடங்குவது என்று கேட்டால் பெட்டி இணங்கும். எத்தனை நாளுக்கு ஒரு வாரம் என்று கேட்கத்தான் அதில் வழி இல்லை.

தமிழ் மாதங்கள் இன்னொரு சோதனை. ஆனி மாதத்தில் பூமி சூரியனுக்குத் தொலைவில், மெதுவாக நகர்கிறது. சூரியன் மிதுன ராசியைக் கடக்க 31½ நாளுக்கு மேல் ஆவதால் ஆனி சில ஆண்டுகளில் 32 நாளாகும். விண்டோஸின் மாத நாட்காட்டி எந்த நாட்களைத் தடித்த எழுத்தில் காட்டுவது என்பதை மாதத்துக்கு ஒரு 32 பிட் எண்ணில் வைத்திருக்கிறது. நாளுக்கு ஒரு பிட். ஆங்கில மாதத்துக்கு ஒரு பிட் மிஞ்சும். ஆனி 32 உம் அதில் சரியாக அடங்கிவிடும். யாரும் திட்டமிட்டதல்ல, எண்கள் தற்செயலாகப் பொருந்தியது.

இதுவரை சொன்ன எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்கிட்டு அச்சிடலாம். திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோவிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தம் எந்த நாள் என்பதைப் பஞ்சாங்கம் பல மாதம் முன்னரே சொல்லும். வாக்கியம், திருக்கணிதம் ஆகிய இரு பஞ்சாங்க முறைகளும் நாழிகையில் வேறுபட்டாலும் இரண்டும் கணக்கின் பிள்ளைகள்தான். போயாவும் அவ்வாறே. பிறை மட்டும் வேறு. அமாவாசை என்பது சூரியனும் சந்திரனும் வானில் ஒரே திசைக்கு வரும் கணம். அதை நொடி பிசகாமல் கணிக்கலாம். பௌர்ணமி அதற்கு எதிர்த்திசைக் கணம், அதுவும் கணக்கு. தலைப்பிறை அப்படி ஒரு கணம் அல்ல. மனிதக் கண் வானில் ஒன்றைக் காண்பதும், கண்டேன் என்று சொல்வதும், அந்தச் சாட்சியை ஒரு சபை ஏற்பதும் சேர்ந்த நிகழ்வு அது. ஒரே நிலவை இந்தக் கரையோரத்தின் மூன்று சமூகங்கள் மூன்று விதியால் படிக்கின்றன. மூன்றாவது விதி மட்டும் மாலை வரும்வரை திறந்தே இருக்கிறது. நாள் தொடங்கும் நேரத்திலும் ஒற்றுமை கிடையாது. பஞ்சாங்கத்துக்குச் சூரிய உதயம், முஸ்லிம்களின் ஹிஜ்ரி நாட்காட்டிக்கு மஃரிப் எனும் சூரிய மறைவு, அரசாங்கத்துக்கு நள்ளிரவு. இரவு எட்டு மணிக்கு ஒரு பதிவைப் போட்டால் ஆங்கிலத் திகதி இன்றையது, பிறைத் திகதி நாளையது. 42 கட்டப் பெட்டிக்கு நேரமும் தெரியாது, ஊரும் தெரியாது.

பிறை ஏன் கணக்குக்கு முழுதாக அடங்குவதில்லை என்பதைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் வாதத்தின் பாரம் இங்கேதான் நிற்கிறது. அமாவாசைக் கணத்தின் பின் சந்திரன் சூரியனை விட்டு மணிக்கு ஏறத்தாழ அரைப் பாகை விலகுகிறது. பிரெஞ்சு வானியலாளர் அந்திரே தாஞ்சோன் 1930 களில், விலகல் ஏறத்தாழ 7 பாகைக்குக் குறைவாக இருந்தால் பிறையே தெரியாது என்று கண்டார். அந்த அளவு விலக 14 மணித்தியாலம் அளவில் ஆகும். வெறுங்கண்ணால் காணப்பட்ட மிக இளம் பிறைகளில் பெயர்பெற்றது 1990 மே மாதம் அமெரிக்கரான ஸ்டீபன் ஓமேரா கண்டது. அதன் வயது 15 மணி 32 நிமிடம். இது தேர்ந்த கண்ணும் தெளிந்த வானும் சேர்ந்த உச்சம். பொதுவாக இன்னும் சில மணித்தியாலம் முதிர்ந்தால்தான் மக்கள் காண்பார்கள். ஆக, மாலை வேளையில் 12 மணித்தியால வயதான பிறையைக் காணவே முடியாது என்று கணக்கு உறுதியாகச் சொல்லும். 30 மணித்தியாலமானதைத் தெளிந்த வானில் தாராளமாகக் காணலாம் என்றும் சொல்லும். இடைப்பட்ட வெளியில் கணக்கு கைவிரிக்கிறது. காற்றின் ஈரமும் தூசியும் அடிவான முகிலும் பார்ப்பவரின் பழக்கமும் அங்கே முடிவு செய்கின்றன. அம்பாறைக் கரையோரத்துக்குத் தனியான ஒரு சிரமமும் உண்டு. கடல் கிழக்கே; பிறை தெரிவதோ மேற்கே. பிறை தேடுபவர் கடலுக்கு முதுகு காட்டி, வயல்வெளிக்கும் அதற்கு அப்பால் உள்ள மலைத்தொடருக்கும் மேலே பார்க்க வேண்டும். மேற்குக் கரைக்காரருக்குக் கிடைக்கும் தட்டையான கடல் அடிவானம் இவர்களுக்கு இல்லை. கல்முனை கொழும்பைவிட இரண்டு பாகை கிழக்கே இருப்பதால் சூரியன் இங்கே ஏறத்தாழ எட்டு நிமிடம் முந்தி மறையும். பிறையின் வயது அவ்வளவுக்குக் குறையும். எட்டு நிமிடம் அற்பம்தான், வடகீழ்ப் பருவமழைக் காலத்து முகில் அற்பமல்ல. மழைக் காலத்தில் பிறை மாதத்தின் 29 ஆம் நாள் மாலை மேற்கு வானமே காணக் கிடைக்காமல் போகலாம்.

காணாவிட்டால் மாதத்தை முப்பதாக நிறைவு செய்வது விதி. ஆகவே 29 க்கு அடுத்த கட்டத்தில் வரவேண்டியது 30 ஆ, 1 ஆ என்பது அந்த மாலையில்தான் தெரியும். இலங்கையில் அந்த முடிவு கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் கூடும் பிறைக் குழுவிடமிருந்து வருகிறது. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களமும் அதில் சேர்ந்திருக்க, நாட்டின் பல ஊர்களிலிருந்து வரும் தகவலை எடைபோட்டு அறிவிப்பு வெளியாகும், வானொலி அதைச் சொல்லும். மென்பொருளாளர் கவனிக்க வேண்டியது, தகவல் ஊரிலிருந்து தலைநகருக்குப் போய் முடிவாகி ஊருக்குத் திரும்புகிறது என்பது. இது வானியல் சூத்திரம் ஒன்றின் விடை அல்ல, ஒரு நிறுவனத்தின் தீர்மானம்.

மென்பொருள் உலகம் இதற்கு வைத்திருக்கும் முதல் விடை அட்டவணை ஹிஜ்ரி. முப்பது ஆண்டுச் சுழற்சி. அதில் 19 ஆண்டுகளுக்கு 354 நாள், 11 ஆண்டுகளுக்கு 355 நாள். மொத்தம் 10,631 நாள். அதை 360 மாதத்தால் வகுத்தால் 29.530556 வருகிறது. நிலவின் உண்மையான சராசரி 29.530589. மாதத்துக்கு மூன்று நொடி அளவே வித்தியாசம். ஒரு நாள் பிசக இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். இடைக்கால முஸ்லிம் வானியலாளரின் இந்தச் சாதனை வியக்கத்தக்கது. ஆனால் அவர்கள் அடக்கியது சராசரியை. ஓர் அமாவாசையிலிருந்து அடுத்ததற்கு உள்ள இடைவெளி 29 நாள் 6½ மணி முதல் 29 நாள் 20 மணி வரை ஏறி இறங்கும். அட்டவணை 30, 29, 30, 29 என்று சீராக அடியெடுத்து வைக்கும்போது வானத்தில் அடுத்தடுத்து மூன்று 29 நாள் மாதங்கள் வரலாம், நான்கு 30 நாள் மாதங்களும் வரலாம். நூறாண்டுக் கணக்குக்கு அட்டவணை நம்பகமானது; நாளை நோன்பா என்ற கேள்விக்கு அது விடை அல்ல.

இதை டொட் நெட்டை எழுதியவர்களும் அறிந்திருந்தார்கள். அவர்களுடைய ஹிஜ்ரி நாட்காட்டி வகுப்பில் ஒரு திருத்த எண் உண்டு. கூட்டல் இரண்டு முதல் கழித்தல் இரண்டு வரை எதையும் வைக்கலாம். பிறை அறிவிப்பு கணக்கிலிருந்து விலகினால் ஒரு நாள் முன்னோ பின்னோ தள்ளிக்கொள்ளலாம். நோக்கம் நல்லது, வடிவம் தவறு. அந்த ஒரே எண் எல்லா மாதங்களையும் ஒருசேர நகர்த்துகிறது. இந்த ரமழான் ஒரு நாள் பிந்தியது என்று இன்று கழித்தல் ஒன்று வைத்தால், சரியாக இருந்த சென்ற ஆண்டின் ஷவ்வாலும் ஒரு நாள் நகரும். ஏற்கெனவே பதிந்த பிறைத் திகதிகள் வேறு நாளைக் காட்டத் தொடங்கும். இந்த அமைப்பு கணினிக்குக் கணினி தனித்தனியாக வைக்கப்படுவது வேறு. ஒரே அலுவலகத்தின் இரண்டு மேசைகள் ஒரே பதிவுக்கு இரண்டு நாளைச் சொல்லக்கூடும். ஒரு கடிகாரம் பிந்தினால் அதை மட்டும் திருத்தாமல் வீட்டுக் கடிகாரங்கள் எல்லாவற்றையும் ஐந்து நிமிடம் தள்ளி வைப்பதற்கு இது ஒப்பாகும்.

இங்கே எழக்கூடிய வலுவான மறுப்பு, உம்முல் குரா நாட்காட்டி இருக்கிறதே என்பது. சவூதி அரேபியாவின் இந்தக் கணிப்பு 2002 முதல் தெளிவான விதியில் நடக்கிறது: மக்காவில் சூரியன் மறையுமுன் அமாவாசைக் கணம் நிகழ்ந்து, சூரியனுக்குப் பின் சந்திரன் மறைந்தால் அடுத்த நாள் புது மாதம். டொட் நெட் இதை ஹிஜ்ரி 1318 முதல் 1500 வரை அட்டவணையாகத் தருகிறது. ஜாவா நிரல்மொழியும் இதையே வைத்திருக்கிறது. உலகம் முழுவதற்கும் ஒரே விடை, முன்கூட்டியே தெரியும் விடை. திட்டமிடுபவருக்கு இதன் கவர்ச்சி உண்மையானது. உலகெங்கும் ஒரே பிறை என்று வாதிடும் அறிஞர்களும் இருக்கிறார்கள், அவர்களுடைய நிலைப்பாடு மதிக்கத்தக்கது. ஆனால் இலங்கையின் பிறைக் குழு பின்பற்றுவது உள்நாட்டுப் பிறையை. கல்முனை மக்காவுக்கு 42 பாகை கிழக்கே உள்ளது. சூரியன் இங்கே சராசரியாக 2 மணி 48 நிமிடம் முந்தி மறைகிறது. அதற்குள் சந்திரன் ஒன்றரைப் பாகை அளவு குறைவாகவே விலகியிருக்கும். தாஞ்சோன் சொன்ன எல்லைக்குப் பக்கத்தில் இந்த ஒன்றரைப் பாகை பெரிய தூரம். மேலும் உம்முல் குரா விதி பிறை தெரிய வேண்டும் என்று கேட்பதே இல்லை, அடிவானத்துக்கு மேலே இருந்தால் போதும் என்கிறது. இலங்கையில் பெருநாள் பலமுறை சவூதிக்கு ஒரு நாள் பின்னால் வருவதற்கு இந்தத் தூரமும் ஒரு காரணம். எந்த நிலைப்பாடு சரி என்று தீர்ப்புச் சொல்வது நாட்காட்டிக் கூறின் வேலை அல்ல. ஆனால் உம்முல் குராவை மட்டும் உள்ளே வைத்து அதற்கு ஹிஜ்ரி என்று பொதுப்பெயர் சூட்டினால், கூறு மௌனமாக ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடுகிறது.

இன்னொரு மறுப்பு நடைமுறை சார்ந்தது. ஒரு சிறு தீவின் ஒரு சமூகத்துக்காக உலகத்துக் கொன்ட்ரோலைச் சிக்கலாக்குவதா என்பார்கள். மொறோக்கோ, இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், இந்தோனேசியா என்று பிறை அறிவிப்புக்குக் காத்திருக்கும் நாடுகளை எண்ணினால் சிறு சமூகம் என்ற பேச்சு நிற்காது. சிக்கல் என்பதற்கும் விடை ஏற்கெனவே கணினிக்குள் இருக்கிறது. இலங்கை 1996 மே 25 இல் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னகர்த்தி, ஒக்டோபர் 26 இல் அரை மணித்தியாலம் பின்வாங்கி, 2006 ஏப்ரல் 15 இல் பழைய நேரத்துக்கே திரும்பியது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே தொடர்ந்ததால் ஒரே தீவில் இரண்டு நேரம் ஓடிய காலமும் உண்டு. இவை எதையும் எந்தச் சூத்திரமும் முன்னறிந்திருக்க முடியாது. ஆயினும் இன்று 1999 இல் கொழும்பில் என்ன நேரம் என்று கேட்டால் கணினி சரியாகச் சொல்கிறது. ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980 களில் தொடங்கிய நேர வலயத் தரவுத்தொகுப்பு ஒவ்வோர் அரசாங்க முடிவையும் ஒரு வரியாகப் பதிகிறது. முடிவு மாறும்போது புது வரி சேர்கிறது, பழைய வரி அழிவதில்லை. புரோகிராமை யாரும் திருத்துவதில்லை, தரவு மட்டும் புதுப்பிக்கப்படுகிறது. அரசாங்கம் கடிகாரத்தைப் பற்றிச் சொல்வதற்கு வைத்த இடத்தைப் பிறைக் குழு மாதத்தைப் பற்றிச் சொல்வதற்கும் வைக்கலாம். ஜாவாவின் ஹிஜ்ரி அமைப்பு மாதங்களின் நீளத்தை வெளிக் கோப்பொன்றிலிருந்து படிக்கும் வசதியோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. கதவு பாதி திறந்தே உள்ளது.

பயனருக்கு ஒரே விடைதான் வேண்டும், சந்தேகத்தைக் காட்டினால் குழம்புவார் என்ற கருத்தும் வடிவமைப்பாளரிடையே உண்டு. இந்தக் கரையோரத்தைப் பொறுத்தவரை இது பொருந்தாது. ரமழானுக்கு முந்திய மாதமான ஷஃபானின் 29 ஆம் நாள் மாலையில் இங்கே எவரும் குழம்புவதில்லை. இரண்டு நிலைமைக்கும் வீடுகள் ஆயத்தமாக இருக்கும். பிறை கண்டால் தராவீஹ் தொழுகையும் சஹர் உணவும், காணாவிட்டால் இன்னொரு சாதாரண நாள். உறுதியின்மையோடு ஒழுங்காக வாழ நூற்றாண்டுகளாகப் பழகிய மக்களுக்குப் பொய்யான உறுதியைக் காட்டுவதுதான் இடைஞ்சல்.

ஆகவே நல்ல கூறு ஒன்று ஒவ்வொரு பிறை மாதத்தையும் இரண்டில் ஒரு நிலையில் வைத்திருக்க வேண்டும்: அறிவிக்கப்பட்டது அல்லது எதிர்பார்க்கப்படுவது. கடந்த மாதங்கள் அழுத்தமான எழுத்தில், வரும் மாதங்கள் மெல்லிய எழுத்தில். 29 ஐத் தொடரும் கட்டத்தில் 30 உம் 1 உம் சேர்ந்து. அறிவிப்பு வந்ததும் ஒரு வரி தரவு இறங்க, அந்தக் கட்டம் ஒன்றாகிவிடும், பின்வரும் எதிர்பார்ப்புகள் தாமே நகரும், முந்தியவை அசையா. சேமிக்கும்போது நாள் எண்ணையும் பயனர் எழுதிய பிறைத் திகதியையும் இரண்டாகவே வைக்க வேண்டும். இதனால் யாருக்கு என்ன என்று கேட்டால், ஸகாத் எனும் கட்டாயக் கொடைக்கு ஆண்டு நிறைவது பிறைக் கணக்கில். அது சூரிய ஆண்டைவிட 11 நாள் குறைவு. கணவனை இழந்த பெண்ணின் காத்திருப்புக் காலமான இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். அந்த மாதங்களும் பிறை மாதங்கள். நகைக்கடையின் கணக்கிலும் பள்ளிவாசலின் பதிவேட்டிலும் ஒரு நாள் என்பது ஒரு கடமையின் எல்லை. அட்டவணை ஹிஜ்ரி போட்ட எண்ணை நம்பி அந்த எல்லையை ஒருவர் பிழையாகக் கடந்தால், பொறுப்பு பெட்டியை வரைந்தவருக்கும் உண்டு.

கடினமான பகுதி ஒன்று மீதமிருக்கிறது. ஒரே ஊரில் சிலர் உள்நாட்டுப் பிறையையும் சிலர் சர்வதேசப் பிறையையும் பின்பற்றுவது கிழக்கில் தெரிந்த செய்தி. அப்போது அறிவிப்பும் இரண்டாகிறது. தரவின் ஒவ்வொரு வரியிலும் மாதம் எந்த நாள் எண்ணில் தொடங்கியது என்பதோடு யார் அறிவித்தார், எப்போது அறிவித்தார் என்ற இரண்டு புலங்களையும் சேர்க்க வேண்டியது அதனால்தான். எந்த அறிவிப்பைப் பின்பற்றுவது என்பதை நிறுவும்போதே கேட்டு, பெட்டியின் அடியில் அந்தப் பெயரை எழுதி வைக்கலாம். இரு தரப்பும் வந்துபோகும் பாமசியோ நூலகமோ என்றால் இரண்டு அட்டவணையையும் ஏற்றிக்கொண்டு, இரண்டும் வேறுபடும் மாதங்களில் மட்டும் கட்டத்தின் மூலையில் இரண்டாவது எண்ணைக் காட்டினால் போதும். வேறுபடாத மாதங்களில் பெட்டி எப்போதும் போலவே தோன்றும்.